விருதுநகர், சிவகாசி வட்டாரத்தினரின் அயலக வாழ்வும் தீபாவளியும்

இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு சிவகாசியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தயாராகிறது. அதே வட்டாரத்திலிருந்து கொழும்புக்கும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்களில் பெரும்பாலோர் தம் ஊர் வெடி இல்லாமலேதான் தீபாவளியைக் கழித்தார்கள். போன இடத்தில் அவர்கள் எங்கே தங்கினார்கள், எங்கே தேநீர் குடித்தார்கள், பண்டிகையை எப்படிக் கொண்டாடினார்கள், எதை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பது அந்த மாவட்டத்தின் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதி.

ஆவணங்களில் இவர்களைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. 1910இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்கள் எல்லாம் இருந்தன. 1985இல்தான் இவை காமராசர் பெயரில் தனி மாவட்டமாயின. 1997இல் அது விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. ஆகவே பழைய குடியேற்ற அறிக்கைகளில் 'ராம்நாடு' என்ற ஒரே சொல்லுக்குள் செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரரும் முதுகுளத்தூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளியும் விருதுநகர் மிளகாய் வியாபாரியும் ஒன்றாக அடங்கிவிடுகிறார்கள். மூவரும் ஒரே கப்பலில் போயிருக்கலாம். ஆனால் வாழ்ந்த வாழ்க்கை ஒன்றல்ல.

கரிசல் மண்ணிலிருந்து கப்பலுக்கு

விருதுநகரின் பழைய பெயர் விருதுபட்டி. 1923இல்தான் இன்றைய பெயர் வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை 1876இல் திறக்கப்பட்டபோது இவ்வூர் அதன் வழியில் அமைந்தது. அந்த ஆண்டில் தொடங்கிய தாதுவருடப் பஞ்சம் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டியது. மானாவாரிக் கரிசல் நிலத்தையே நம்பியிருந்த குடும்பங்களுக்குப் பஞ்சமும் ரயிலும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன எனலாம்.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்லும் முக்கிய வழி தூத்துக்குடி வழியேதான் இருந்தது. கப்பல் பயணிகளை ஏற்றிவந்த ரயில் விருதுபட்டி நிலையத்தைக் கடந்துதான் துறைமுகத்துக்குப் போனது. கொழும்பு என்பது இவ்வூர்க்காரர்களுக்குத் தொலைவான சீமை அல்ல; இரவு ரயிலும் ஒரு கப்பலும் போதும். சென்னைக்குப் போவதற்கும் கொழும்புக்குப் போவதற்கும் ஆகும் நேரத்தில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

இவ்வட்டாரத்து வணிகர்களில் பெரும்பாலோர் நாடார் சமூகத்தினர். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் வணிகத்துக்காகக் குடியேறிய அவர்கள், ஒவ்வோர் ஊரிலும் உறவின்முறை என்ற அமைப்பையும் மகமை என்ற பொது நிதியையும் வைத்திருந்தார்கள். வந்து இறங்கும் மூட்டைக்கும் விற்கும் சரக்குக்கும் இவ்வளவு என்று வசூலித்த மகமைப் பணத்தில்தான் பேட்டைகளும் கோயில்களும் பள்ளிகளும் உருவாயின. 1899இல் நடந்த சிவகாசிக் கலவரத்துக்குப் பிறகு இந்தக் கட்டமைப்பு மேலும் இறுகியது. வெளியூரில் கடை வைத்தவர் தம் ஊர்ப் பையனையே வேலைக்கு அழைத்துக்கொள்வதும், அந்தப் பையன் தொழில் கற்று அடுத்த தெருவில் தனிக்கடை வைப்பதும் இதன் தொடர்ச்சிதான். இன்று சென்னையிலும் மும்பையிலும் காணும் மளிகைக் கடை வரிசைகளுக்குப் பின்னால் உள்ள அதே முறை அன்று கடலுக்கு அப்பாலும் இயங்கியது.

கொழும்பு: புறக்கோட்டைக் கடைகள்

கொழும்பில் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் மிளகாய், வெங்காயம், மல்லி, பருப்பு, கருவாடு ஆகியவற்றின் மொத்த வணிகத்துக்குப் பெயர் போனவை. விருதுநகர் அதே சரக்குகளின் சந்தை. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் தூத்துக்குடித் தோணி. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட நாடார் வங்கி, அதாவது இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 1937இல் கொழும்பில் ஒரு கிளை திறந்தது. அது இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டாலும், அங்கே இருந்த தென்மாவட்ட வணிகரின் எண்ணிக்கையை நம்பித்தான் அந்த முயற்சி நடந்தது என்பது வெளிப்படை.

கடை ஊழியரின் வாழ்க்கை கடைக்குள்ளேயே நடந்தது. கீழே வியாபாரம், மேலே அல்லது பின்னால் படுக்கை. மனைவியும் பிள்ளைகளும் ஊரில். சமையலுக்கு ஓர் ஆள் இருந்தால் கடையிலேயே சாப்பாடு. இல்லையென்றால் பக்கத்துச் சைவக்கடை. இலங்கையில் மரக்கறி உணவகத்துக்குச் சைவக்கடை என்றே பெயர். அங்கே தேநீரைத் தேத்தண்ணி என்பார்கள். பால் சேர்க்காத தேநீர் குடிக்கும் பழக்கமும் சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் பழக்கமும் இலங்கைத் தமிழரிடம் பரவலானவை. கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த கரிசல்காட்டுப் பையனுக்கு இரண்டும் புதிது.

இதே காலத்து வாழ்க்கையை அறிய நாவலாசிரியர் ப. சிங்காரத்தின் எழுத்து உதவும். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவின் மெடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்து, போருக்குப்பின் ஊர் திரும்பியவர் அவர். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்ற கடை அடுக்கை அவரது நாவல்களில் காணலாம். செட்டியார் கடைகளில் மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால்தான் ஊர்ப்பயணம். நாடார் கடைகளில் இவ்வளவு எழுதப்பட்ட ஒழுங்கு இல்லை. உறவுமுறையே ஒப்பந்தமாக இருந்தது. எது நல்லது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. உறவுக்காரரின் கடையில் சம்பளம் கேட்பது எவ்வளவு கடினம் என்பது அதில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மலையகத் தோட்டங்களின் கதை வேறு. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகச் சென்ற தொழிலாளர்கள் அங்கே குடும்பத்தோடு லயங்களில் குடியேறினார்கள். இன்றும் மலையகத்தின் பெரிய பண்டிகை பொங்கலைவிடத் தீபாவளிதான் எனலாம். அங்கே தீபாவளி முற்பணம் என்றொரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கு முன் தோட்ட நிர்வாகம் ஒரு தொகையைக் கொடுத்து, பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். புதுத்துணியும் ஆட்டுக்கறியும் வெடியும் அந்தப் பணத்தில்தான். அடுத்த தீபாவளி வருவதற்குள் சென்ற தீபாவளிக் கடன் தீர்ந்தால் அதுவே பெரிது. முற்பணத் தொகையும் அது கிடைக்கும் நாளும் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

1948க்குப் பிறகு இந்த வாழ்க்கை சுருங்கியது. குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. வணிகர்கள் தற்காலிகத் தங்கல் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. 1970களில் இலங்கை அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியது. யாழ்ப்பாண விவசாயிக்கு அது பொற்காலம். விருதுநகர் ஏற்றுமதியாளருக்குக் கடை மூடும் காலம். 1983 ஜூலையில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தபோது எஞ்சியிருந்தவர்களிலும் பலர் ஊர் திரும்பினார்கள்.

இரங்கூன்: ஒளித் திருவிழாவும் தேநீர்க் கடையும்

பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதுவரை இரங்கூனுக்குப் போவதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். ஊரைவிட்டு வந்தவர்களே பெரும்பான்மையாக இருந்த விசித்திரமான நகரம் அது. தமிழும் தெலுங்கும் வங்காளமும் இந்துஸ்தானியும் தெருவில் கேட்டன. பர்மிய மொழி தெரியாமலே ஒருவர் பல ஆண்டுகள் அங்கே காலம் தள்ளிவிட முடிந்தது. பின்னால் வந்த வெறுப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

இரங்கூனின் தேநீர்க் கடைகள் இன்றும் பேசப்படுபவை. தாழ்ந்த முக்காலிகள், கெட்டியான பால் தேநீர், ஓயாத அரட்டை. அந்தக் கடைகள் பலவற்றைத் தொடங்கி நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம்கள். அங்கே கிடைக்கும் 'பலாதா' நமது பரோட்டாவின் பெயர் திரிந்த வடிவம். அதைச் சர்க்கரை தூவியும் தின்பார்கள், பட்டாணி மசியலோடும் தின்பார்கள், கறியோடும் தின்பார்கள். கடையில் உட்கார்ந்திருப்பவர் எதையும் வாங்காமல் மேசையில் இருக்கும் சீனத் தேநீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தாலும் யாரும் எழுப்பிவிடுவதில்லை. தனியாக வாழும் ஆண்கள் நிறைந்த ஊரில் இது சிறிய வசதியல்ல. ஊரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு வேலை போயிற்று, அடுத்த கப்பல் என்றைக்கு என்ற செய்திகளுக்கு வேறு இடம் ஏது?

பர்மியர்களின் ஒளித் திருவிழாவான தடிஞ்யுட் அக்டோபர் மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம்தான். அகல்விளக்கும் மெழுகுவத்தியும் வரிசையாக ஏற்றி, பெரியவர்களை வணங்கி, வாணம் விடும் அந்த விழா தமிழருக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது. ஒரு நகரமே பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை விளக்கேற்றியது.

அந்தக் காலத்தில் வெடி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழலாம். சிவகாசியிலிருந்து அல்ல. 1920கள் வரை இந்தியாவிலும் இலங்கையிலும் பர்மாவிலும் விற்ற பட்டாசில் பெரும்பகுதி சீனாவிலிருந்து இறக்குமதியானது. வாண வேடிக்கைச் சரக்கு இங்கிலாந்திலிருந்தும் வந்தது. சிறிய வெடிகளைச் 'சீனவெடி' என்று அழைக்கும் வழக்கம் இலங்கையில் இன்றும் உண்டு. நம் ஊரில் அது சீனி வெடி ஆயிற்று. சர்க்கரைக்கும் அந்த வெடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூனைக் குண்டுவீசித் தாக்கின. 1942 மார்ச் 8இல் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தார்கள். இடம் கிடைக்காத லட்சக்கணக்கானோர் தவுங்குப் கணவாய் வழியாகவும் தமு வழியாக இம்பாலுக்கும் நடந்தார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் வழியிலேயே பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயின. வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று வசதிகள் பிரிக்கப்பட்டதாக அப்போதே இந்தியத் தலைவர்கள் கண்டித்தார்கள்.

போருக்குப்பின் திரும்பிச் சென்றவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டாவது அடி 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு விழுந்தது. கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். நகையும் சேமிப்பும் அங்கேயே நின்றுவிட்டன. தமிழகத்தில் இறங்கியவர்களுக்கு அரசு குடியிருப்புகளையும் சிறு கடைகளையும் ஒதுக்கியது. சென்னைக் கடற்கரை நிலையத்தருகே உள்ள பர்மா பஜார் அப்படி வந்தது. சிலர் மணிப்பூர் வழியாக மீண்டும் பர்மாவுக்குள் போக முயன்று, எல்லையூரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் இன்றும் உள்ளன.

அவர்கள் கொண்டுவந்ததில் யாராலும் பறிமுதல் செய்ய முடியாதது சமையல். அத்தோ, மொகிங்கா, கௌசுவே ஆகியவை சென்னையின் கடற்கரைச் சாலைத் தள்ளுவண்டிகளில் விற்கப்படுகின்றன. விருதுநகரில் 'பர்மா கடை' என்ற பெயரில் இயங்கும் பரோட்டாக் கடையைத் தென்மாவட்டங்களில் அறியாதவர் குறைவு. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டா, கல்லின் நடுப்பள்ளத்தில் எண்ணெய் ஊற்றி, மாவைப் பொரித்தெடுப்பது. மொறுமொறுவென்று நொறுக்கிச் சால்னா ஊற்றித் தின்ன வேண்டும். பரோட்டா பர்மாவிலிருந்து வந்ததா, இலங்கையிலிருந்து தூத்துக்குடி வழியாக வந்ததா, போர்க்கால மைதா மாவால் பரவியதா என்ற வாதம் தீராது. இங்கிருந்து போன பண்டமே அங்கே மாறித் திரும்பியிருக்கவும் கூடும். சாப்பிடுகிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

கல்கத்தாவில் சில மாதங்கள்

இந்த வட்டாரத்தின் தலைவிதியை மாற்றிய வெளியூர் வாழ்க்கை, காலத்தால் மிகக் குறுகியது. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த உறவினர்களான பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தா சென்றார்கள். அங்கே பூர்ண சந்திர ராய் என்பவரின் தீப்பெட்டித் தொழிற்சாலையில் சில மாதங்கள் தங்கிப் பயின்று, 1923இல் ஊர் திரும்பி ஜெர்மனியிலிருந்து வரவழைத்த இயந்திரங்களோடு தொழில் தொடங்கினார்கள். இயந்திர முறை கட்டுப்படியாகாததால் கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். மழை குறைந்த, காற்று வறண்ட ஊர். விவசாயம் கைவிட்ட கூலியாட்கள் ஏராளம். 1922இல் அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிகள் மீது விதித்த கடும் சுங்கவரி ஸ்வீடன், ஜப்பான் சரக்கின் விலையை ஏற்றியிருந்தது. மூன்றும் சேர்ந்து கைகொடுத்தன.

அன்றைய கணக்கில் கல்கத்தாவும் இரங்கூனும் ஒன்றுதான்: இரண்டும் ஒரே அரசின் கீழ், இரண்டுக்கும் பல நாள் பயணம், இரண்டிலும் வேறு மொழி, வேறு சாப்பாடு. இரங்கூனுக்குப் போன லட்சக்கணக்கானோர் அனுப்பிய பணத்தைவிட, கல்கத்தாவிலிருந்து இருவர் கொண்டுவந்த தொழில்நுணுக்கம் சிவகாசியை அதிகம் மாற்றியது. ஆனாலும் அயலக வாழ்வை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லும் வழக்கத்துக்கு இந்த எடுத்துக்காட்டை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து. திரும்பி வந்து தொழில் தொடங்கிய இருவரின் பெயர் நிலைத்தது. வெறுங்கையோடு திரும்பியவர்களுக்குப் பெயரில்லை.

தீப்பெட்டியிலிருந்து வண்ணத் தீக்குச்சி மத்தாப்பு, அதிலிருந்து கம்பி மத்தாப்பு, பிறகு வெடி என்று தொழில் வளர்ந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப் போர் சீன, ஐரோப்பியச் சரக்கை நிறுத்தியது. சந்தை முழுதும் சிவகாசிக்கு வந்தது. போர் பர்மாவில் இவ்வட்டாரத்தினரின் வாழ்வை அழித்த அதே ஆண்டுகளில், சிவகாசியில் பட்டாசுத் தொழிலை நிலைநிறுத்தியது.

மலாயா, சிங்கப்பூர்: வெடியற்ற தீபாவளி

மலாயாவுக்குச் சென்றவர்கள் நாகப்பட்டினம் அல்லது சென்னையில் கப்பலேறி, பினாங்கில் இறங்கினார்கள். ரஜூலா என்ற கப்பலின் பெயர் பல குடும்பங்களில் ஓர் உறவினரின் பெயர்போல இன்றும் வழங்குகிறது. 1920கள் முதல் 1970கள் வரை அது ஓடியது.

அங்கே தேநீர்க் கடையின் இடத்தைக் கோப்பிக்கடை பிடித்துக்கொண்டது. சீனர் நடத்தும் கடை, மலாய்க்காரர் விற்கும் நாசி லெமாக், தமிழ் முஸ்லிம் ஆற்றும் தே தாரிக், ரொட்டி சானாய். சிங்கப்பூரில் அந்த ரொட்டிக்குப் பிராட்டா என்று பெயர். பாலில்லாத காப்பி வேண்டுமென்றால் 'கோப்பி ஓ' என்று கேட்க வேண்டும். மரக்கறி உண்பவர்களுக்கு 1924 முதல் ஆனந்த பவனும் 1947 முதல் சிராங்கூன் சாலைக் கோமள விலாசும் இருந்தன. ஒரே கூரையின் கீழ் மூன்று இனத்தார் மூன்று மொழியில் ஆணையிட்டுச் சாப்பிடும் அந்தக் கடை, சாதிவாரியாகப் பேட்டை பிரிந்த ஊரிலிருந்து வந்தவருக்கு ஒரு பாடமாக இருந்திருக்கும். சிலர் அதைக் கற்றார்கள். சிலர் சாதிச் சங்கத்தையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் போடுவதும், அன்று வீட்டைத் திறந்து வைத்து மலாய், சீன நண்பர்களுக்கு விருந்து வைப்பதும் மலேசியத் தமிழரின் வழக்கம். சீனரின் அங்பாவ் உறைபோலத் தமிழரும் பிள்ளைகளுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார்கள். இவை எதுவும் விருதுநகரில் இல்லை. தெற்கே தீபாவளி என்றால் விடியுமுன் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வெடி, இட்லியும் கறிக்குழம்பும். வருகிறவர்களும் பெரும்பாலும் உறவினர்கள்தான்.

வெடி அங்கே சீனப் பட்டாசுதான்; சீனப் புத்தாண்டுக்கு விற்ற அதே சரம். 1970ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டில் ஏற்பட்ட உயிரிழப்புகளுக்குப்பின் சிங்கப்பூர் அரசு பட்டாசுக்குப் பகுதித் தடை விதித்தது. 1972இல் அபாயகர வாணவேடிக்கைச் சட்டம் முழுத் தடையாக்கியது. சீனர்களுக்கு வந்த தடை தமிழருக்கும் சேர்த்தே வந்தது. அதனால் ஏற்பட்ட வெறுமையை நிரப்ப 1973இல் சிங்கே ஊர்வலம் தொடங்கப்பட்டது. தமிழருக்கு நாளடைவில் சிராங்கூன் சாலையின் மின்விளக்கு அலங்காரம் வந்தது. கையில் பிடிக்கும் கம்பி மத்தாப்புக்கு மட்டும் அனுமதி உண்டு. தடை வந்து ஐம்பது ஆண்டாகிவிட்டது. இன்று அங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தீபாவளி என்பது ஒளி. ஒலியைப் பெற்றோர் சொல்லித்தான் கேட்டிருப்பார்கள். 2018 தீபாவளிக்கு முந்தைய இரவு லிட்டில் இந்தியாவின் குளோஸ்டர் சாலையில் யாரோ வாணம் விட்டபோது, அது கைதும் நீதிமன்றமும் வரை சென்றது. நம் ஊரில் அதைச் செய்தி என்றே எண்ணமாட்டார்கள்.

பெட்டியில் ஏறுவது, ஏறாதது

விடுமுறை முடிந்து வெளிநாடு திரும்புகிறவரின் பெட்டியில் சாத்தூர்க் காராச்சேவு இருக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா இருக்கும். விருதுநகர் நல்லெண்ணெயைச் சுமக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் கடையிலேயே கிடைக்கிறது. மிளகாய்ப்பொடியும் மல்லிப்பொடியும் வீட்டில் அரைத்துக் கட்டியவை. ஆனால் மாவட்டத்தை உலகறியச் செய்த பண்டத்தை மட்டும் பெட்டியில் வைக்க முடியாது. விமானத்தில் வெடிபொருளுக்கு இடமில்லை. ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிகூடச் சோதனையில் நின்றுவிடும்.

சரக்குக் கப்பலிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பட்டாசு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு என்றாலும் ஏற்றுமதி மிகக் குறைவு. வெடிபொருளை ஏற்றும் துறைமுகங்களும் கப்பல் நிறுவனங்களும் குறைவு. உள்நாட்டுச் சந்தையே போதுமானதாக இருந்ததால் வெளிநாட்டுத் தர விதிகளுக்கு ஏற்ப மாறவேண்டிய தேவையும் எழவில்லை. ஆகவே லண்டனிலோ சிட்னியிலோ ஒரு சிவகாசிக்காரர் கொளுத்தும் வாணம் பெரும்பாலும் சீனாவின் ஹுனான் மாகாணத்து லியூயாங்கில் செய்ததாக இருக்கும். நூறாண்டுக்கு முன் அவருடைய தாத்தா இரங்கூனில் வெடித்ததும் சீனச் சரக்குதான்.

சிவகாசியின் இன்னொரு தொழில் மட்டும் தடையின்றிக் கடல் கடந்தது: அச்சு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி, ஆப்செட் அச்சகங்களாகப் பெருகி, நாட்காட்டிகளின் தலைநகரமாயிற்று. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் இலட்சுமியும் சிவகாசி அச்சில் அயலகத் தமிழர் வீட்டுச் சுவர்வரை போயின. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியாகும். வெளிநாட்டுத் தமிழ்க் கடைக்காரர்களும் தம் கடைப் பெயரை இட்டு அச்சடித்து வாங்குகிறார்கள்.

தினசரித் தாளில் உள்ள இராகு காலம் காலை 6 மணிச் சூரிய உதயத்தை அடிப்படையாகக் கொண்ட பொது வாய்ப்பாடு. சிங்கப்பூரில் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதிக்கிறது. குளிர்கால லண்டனில் 8 மணிக்கு. அங்கே இருந்துகொண்டு சிவகாசித் தாளைக் கிழித்து நல்ல நேரம் பார்க்கிறவர் உண்மையில் ஊர் வானத்தைத்தான் பார்க்கிறார்.

இன்றைய நிலை

வளைகுடா நாடுகள் பெரும்பாலானவற்றில் தீபாவளிக்குப் பொது விடுமுறை இல்லை. வேலை முடிந்து அறைக்கு வந்தபின் இரவில் ஒரு பிரியாணி, அல்லது வார இறுதிக்குத் தள்ளிப்போட்ட தீபாவளி. குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் கோலமும் பலகாரமும் உண்டு. தொழிலாளர் முகாமில் இருப்பவர்களுக்கு அன்று ஊருக்குப் பேசும் நேரம் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் நிலைமை மாறானது. 1605ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதன் நினைவாக நவம்பர் 5 அன்று அங்கே வாணம் விடுவார்கள். தீபாவளி அதை ஒட்டியே வருவதால் கடைகளில் சரக்குக்குப் பஞ்சமில்லை. 2004ஆம் ஆண்டு விதிகள் இரவு 11 மணிக்கு மேல் வாணம் விடுவதைத் தடுக்கின்றன. ஆனால் தீபாவளி இரவில் 1 மணிவரை அனுமதி உண்டு. தீபாவளியின் பெயரைச் சொல்லிச் சலுகை தரும் சட்டம் அயல்நாட்டில் இருப்பது வியப்புத்தான்.

அதே வேளையில் ஊரில் நேரம் குறுகியது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக் கலந்த வெடிகளையும் சரவெடியையும் தடைசெய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இரவு 8 முதல் 10 வரை அனுமதி அளித்தது. தமிழகத்தில் தீபாவளி விடியற்காலைப் பண்டிகை என்று மாநில அரசு எடுத்துரைத்ததால், அந்த இரண்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்பது அதன்பின் வந்த நடைமுறை. தொழிலாளரின் வேலை நாட்கள் குறைந்தன, விபத்துகளோ குறையவில்லை. வேறு தொழில் தேடி மாவட்டத்தைவிட்டு வெளியேறும் இளைஞர்களில் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரத் திட்டமிடும் பண்டிகை பெரும்பாலும் தீபாவளி அல்ல. விருதுநகர்க்காரர்களுக்குப் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல். சிவகாசிக்காரர்களுக்குப் பத்திரகாளியம்மன் கோயில் பொங்கல். சொந்தக்காரர்கள் அனைவரும் ஒரே இடத்தில் கூடுவதும், கல்யாணப் பேச்சு நடப்பதும், பொருட்காட்சியில் பழைய பள்ளித் தோழனைப் பார்ப்பதும் அப்போதுதான். தீபாவளிக்குத் தொலைபேசி போதும். நவம்பர்த் தொடக்கத்தில் வரும் தீபாவளி என்றால், சிவகாசியில் காலை 6 மணிக்கு முதல் வெடி வைக்கும்போது சிங்கப்பூரில் 8.30, துபாயில் அதிகாலை 4.30, லண்டனில் நள்ளிரவு கடந்து 12.30. காணொளி அழைப்பில் வெடிச் சத்தம் கரகரவென்றுதான் கேட்கும். இருந்தாலும் கைப்பேசியை வாசற்படியில் சாய்த்து வைத்துவிட்டு, "கேக்குதாப்பா?" என்று கேட்டபடி திரியைக் கிள்ளுகிறார்கள்.